மோர்ப்பானைக்குத் தூரம்

என் ஆயா பெற்றது ஏழு. வளர்ந்து ஆளானது நான்கு. மற்ற மூன்றும் ஒன்றரை வயதைத் தாண்டவில்லை. எப்படிப் போயின என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும்: “வயித்தால போயிப் போயே ஓஞ்சிப் போச்சிங்க கண்ணு.”

மூன்றாவதாகப் போனது பெண் குழந்தை. 1950-களின் நடுவில், ஒரு மார்கழியில். முதல்நாள் வாந்தி, அன்றிரவே வயிற்றுப்போக்கு, மூன்றாம் நாள் உச்சிக்குழி பள்ளமாகிவிட்டது. ஊர் அதை ‘உச்சி விழுந்துடுச்சி’ என்றது, தோஷம் என்றது. தோஷம் என்றால் யாரோ ஒரு பெண்ணின் தீட்டு குழந்தைமேல் பட்டிருக்க வேண்டும். அந்த யாரோ யார் என்று தேட ஊர் அதிக தூரம் போகவில்லை. ஆயா வீட்டுக்குத் தூரமாக இருந்த நாளில் மோர்ப்பானையைத் தொட்டாள், அந்த மோரைத்தான் பிள்ளைக்குப் புகட்டினார்கள் என்று அவள் மாமியார் சொன்னார். அது தீர்ப்பாகிவிட்டது. அதன்பிறகு மாமியார் கண்மூடும்வரை ஆயா பாலுக்கு உறை ஊற்றவில்லை. ஊற்ற விடவில்லை.

இதை ஆயா என்னிடம் சொன்னபோது நான் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். “நெசமாவே தொட்டியா ஆயா?” என்று கேட்டேன். சொல்லவில்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே, “தொட்டுத்தான் இருப்பேன்” என்றாள். தொட்டேன் என்றும் இல்லை, தொடவில்லை என்றும் இல்லை. ஐம்பது வருடமாக அவள் அந்த இடத்திலேயே நின்றிருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: தான் மாமியாரானபின் அதே மோர்ப்பானையை என் அம்மாவிடமிருந்து அவளும் காத்தாள்.

சென்ற ஆண்டு என் வகுப்பு மாணவி ஒருத்தி, ஐந்து மாதக் குழந்தையின் தாய், கைப்பேசியில் வந்த ஒரு செய்தியைக் காட்டினாள். பழைய சோற்றிலும் மோரிலும் கோடிக்கணக்கான நல்ல பாக்டீரியா இருக்கிறது, நம் பாட்டிமார் இதைக் கொடுத்தே வளர்த்தார்கள், அப்போதெல்லாம் வைரஸ் வயிற்றுப்போக்கு இல்லை, தடுப்பு மருந்து தேவைப்படவும் இல்லை, இன்றைய தாய்மார்களின் சோம்பல்தான் நோய்க்குக் காரணம் என்றது அந்தச் செய்தி. “உண்மையா மேடம்?” என்று கேட்டாள். என் ஆயாவின் மூன்று பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். மோர் புகட்டியதால் குற்றவாளியான ஒருத்தி அங்கே. மோர் புகட்டாததால் குற்றவாளியாகும் ஒருத்தி இங்கே. இந்தக் கட்டுரை அந்த மாணவிக்குச் சொல்ல முயன்ற பதில்.

•

பெரும்பாணாற்றுப்படையில் ஒரு ஆய்மகள் வருகிறாள். கடியலூர் உருத்திரங்கண்ணனார் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய நூல் அது. என் ஊர் இருக்கும் தொண்டை நாட்டின் பாட்டு. அவள் விடியுமுன் எழுகிறாள். உறையிட்ட தயிரைக் கடைகிறாள். மத்தின் ஒலி புலியின் உறுமலைப்போல் கேட்கிறது. மோர்ப்பானையைத் தலையில் சும்மாட்டின்மேல் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் போய் மோரை விற்றுத் தானியம் வாங்கிச் சுற்றத்துக்கு உணவளிக்கிறாள். நெய் விற்ற விலைக்குப் பொன் வேண்டாம் என்கிறாள். எருமையும் பசுவும் கன்றுமாக வாங்கிக்கொள்கிறாள். பொன் குட்டி போடாது என்று அவளுக்குத் தெரியும்.

வகுப்பில் இந்தப் பகுதியை நடத்தும்போது மாணவிகளை ‘உறை’ என்ற சொல்லில் நிறுத்துவேன். நேற்றைய தயிரில் கொஞ்சத்தை இன்றைய பாலில் இடுவது உறை. இதில் எத்தனை அறிவு இருக்கிறது பாருங்கள். பால் கொதிக்க வேண்டும். பிறகு விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆற வேண்டும். உறை மிகுந்தால் புளிக்கும், குறைந்தால் தோயாது. குளிர்காலத்தில் கொஞ்சம் கூட்டி ஊற்றி, பானையை அடுப்பங்கரையில் வைக்க வேண்டும். நுண்ணுயிர் என்ற ஒன்று உண்டு என்றே தெரியாத காலத்தில் அதை நாள்தோறும் வளர்த்து, அடுத்த நாளுக்குக் கைமாற்றி, பக்கத்து வீட்டுக்குக் கிண்ணத்தில் கடன் கொடுத்தவர்கள் பெண்கள்.

குறுந்தொகையின் 167-ஆம் பாடலில் கூடலூர் கிழார் காட்டும் புதுமணப்பெண்ணும் தயிரைத்தான் பிசைகிறாள். புகை கண்ணில் படிய, கையைச் சேலையிலேயே துடைத்துக்கொண்டு சமைத்துப் போடுகிறாள். கணவன் இனிது என்று உண்கிறான், அவள் முகம் மலர்கிறது. அவள் என்ன உண்டாள் என்பது பாட்டில் இல்லை. நம் வீடுகளில் அதற்கு விடை தெரியும். கடைசியாக உண்பவள் பானையில் மிஞ்சியதை உண்பாள். மறுநாள் காலையில் பழையது அவளுக்கும் கழனிக்குப் போகிறவர்களுக்கும். பழைய சோற்றைப் பாரம்பரியம் என்று இன்று கொண்டாடுகிறவர்கள், அது யாருடைய தட்டில் விழுந்தது என்பதைச் சொல்வதில்லை. பெரிய வீட்டுப் பின்கட்டில் நின்று, தொட்டுவிடாத உயரத்திலிருந்து ஊற்றப்பட்ட மோரை ஏந்தி வாங்கிய பெண்களும் இந்த வரலாற்றில்தான் இருக்கிறார்கள்.

தயிரை உறைய வைத்த கைக்கே மாதத்தில் சில நாள் தயிரைத் தொடத் தடை. ஊறுகாய்க்கும் அப்படித்தான். தொட்டால் கெட்டுவிடுமாம். தயிர் கெடுவதற்குச் சூடும் உறையின் அளவும் பாத்திரத்தின் சுத்தமுமே காரணம்; பெண்ணின் உதிரம் பானைக்குள் போவதில்லை. ஆனாலும் இந்த நம்பிக்கைக்கு ஒரு பயன் இருந்தது. எது கெட்டாலும், பாலோ பிள்ளையோ, காரணம் காட்ட வீட்டுக்குள்ளேயே ஒருத்தி இருந்தாள்.

•

மோர்ப்பானைக்குள் இருப்பது என்ன என்று ஐரோப்பா கேட்கத் தொடங்கியது 19-ஆம் நூற்றாண்டின் முடிவில். பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் ஹென்றி டிசியே, தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைகளின் மலத்தில் இரு கிளையாகப் பிரிந்த வடிவுடைய ஒரு பாக்டீரியாவைக் கண்டார். இன்று பிஃபிடோபாக்டீரியம் என்று பெயர். வயிற்றுப்போக்கு உள்ள குழந்தைகளுக்கு அதைக் கொடுக்கலாம் என்று 1906-இல் எழுதினார். பாக்டீரியாவைக் கொண்டு குழந்தையின் வயிற்றுப்போக்கை ஆற்றலாம் என்ற யோசனை தாயின் பாலிலிருந்துதான் கிளம்பியது. குழந்தையால் செரிக்கவே முடியாத சில சர்க்கரைகள் தாய்ப்பாலில் இருக்கின்றன. அவை குழந்தைக்கான உணவல்ல, குழந்தையின் குடலில் வாழும் அந்தப் பாக்டீரியாவுக்கான உணவு என்பது பின்னால் தெரியவந்தது. தாயின் உடல் இரண்டு உயிர்களுக்குச் சமைக்கிறது.

அதே நிறுவனத்தில் இருந்த எலி மெட்ச்னிகாஃப், பல்கேரியக் கிராமத்தவர் நெடுநாள் வாழ்வதற்கு அவர்கள் உண்ணும் புளித்த பால் காரணம் என்று நம்பினார். பல்கேரிய மாணவரான ஸ்டாமென் கிரிகோரோவ், தன் ஊர்த் தயிரிலிருந்த பாக்டீரியாவை 1905-இல் ஜெனீவாவில் பிரித்துக் காட்டியிருந்தார். மெட்ச்னிகாஃப் 1907-இல் இதைப் புத்தகத்தில் எழுதினார். 1908-இல் வேறொரு கண்டுபிடிப்புக்காக, பால் எர்லிக்குடன் சேர்ந்து, நோபல் பரிசு பெற்றார். தயிருக்கு அந்தப் பரிசின் வெளிச்சம் சேர்ந்துகொண்டது. ஆனால் யேல் பல்கலைக்கழகத்தில் லியோ ரெட்கர், பல்கேரியத் தயிரின் பாக்டீரியா மனிதக் குடலில் குடியேறி நிலைப்பதில்லை என்று 1920-களின் தொடக்கத்தில் காட்டினார். முதல் அலை அடங்கியது.

ஜப்பானில் மினோரு ஷிரோட்டா 1930-இல் வேறொரு பாக்டீரியாவைத் தேர்ந்தெடுத்தார். 1935-இல் யாகுல்ட் என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. 1963 முதல் அந்தப் புட்டிகளை வீடுவீடாகக் கொண்டுபோனவர்கள் பெண்கள். பெரும்பாணாற்றுப்படை ஆய்மகளின் தொழில்தான். ஒரே வேறுபாடு, உறை இப்போது அவளுடையது அல்ல.

1983-இல் அமெரிக்காவில் ஷெர்வுட் கோர்பாக், பாரி கோல்டின் என்ற இருவர், நலமான ஒரு மனிதரின் குடலிலிருந்து லாக்டோபேசில்லஸ் வகைப் பாக்டீரியா ஒன்றைப் பிரித்தார்கள். இருவர் பெயரின் முதலெழுத்தையும் சேர்த்து அதற்கு ‘ஜிஜி’ என்று பெயர். அதற்குக் காப்புரிமையும் பெற்றார்கள். ஆயிரம் ஆண்டுகளாக உறையைக் காத்த பானை எதற்கும் யார் பெயரும் இல்லை.

•

மறுபக்கத்தில், பிள்ளைகளைக் கொன்றுகொண்டிருந்தது எது என்பதே தெரியாமல் இருந்தது. மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளின் மலத்தில் பாக்டீரியாவைத் தேடினார்கள். பெரும்பாலும் ஒன்றும் கிடைக்கவில்லை. 1973-இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் குழந்தைகள் மருத்துவமனையில் ரூத் பிஷப் என்ற பெண் விஞ்ஞானியும் அவர் குழுவினரும், கடும் வயிற்றுப்போக்கு கண்ட 9 குழந்தைகளின் சிறுகுடல் தொடக்கத்திலிருந்து நகக்கண் அளவு திசு எடுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். 6 குழந்தைகளின் குடல் செல்களில் ஒரு வைரஸ் நிறைந்திருந்தது. சக்கரம் போன்ற அதன் உருவத்தால் அதற்கு ரோட்டா என்று பெயர் வந்தது. இலத்தீனில் சக்கரம் என்று பொருள்.

சிறுகுடலின் உட்பரப்பில் விரல்கள் போன்ற நுண்ணிய நீட்சிகள் இருக்கின்றன. அவற்றின் நுனியில் உள்ள செல்கள்தாம் உணவையும் நீரையும் உறிஞ்சுபவை. ரோட்டா வைரஸ் அந்த நுனிச் செல்களைத் தேடிப்போய் அழிக்கிறது. விரல்கள் மழுங்கிப்போகின்றன. உறிஞ்ச வேண்டிய நீர் வெளியே கொட்டுகிறது. பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதியும் அந்த நுனியில்தான் இருப்பதால், சில குழந்தைகளுக்குச் சில நாள் பசும்பால் ஒத்துக்கொள்வதில்லை. தயிரிலுள்ள பாக்டீரியா அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதியைத் தானே செரித்துவிடுவதால், பாலைவிடத் தயிர் ஒத்துக்கொள்ளும். ‘வயித்தால போற பிள்ளைக்குப் பால் குடுக்காதே, மோர் குடு’ என்ற வழக்கத்துக்குப் பின்னால் இப்படியொரு நியாயம் இருக்கிறது. தாய்ப்பாலை மட்டும் எக்காரணத்துக்கும் நிறுத்தக்கூடாது.

உச்சிக்குழி பள்ளமாவதற்கும் காரணம் இதுவே. உடலின் நீர் வற்றும்போது, இன்னும் எலும்பு மூடாத உச்சியில் அது கண்ணுக்குத் தெரிகிறது. ஊர் தோஷம் என்று படித்த குறி, உண்மையில் தண்ணீர் கொடு என்று உடல் எழுதிய எழுத்து.

ரோட்டாவைப் பற்றி ஒவ்வொரு தாயும் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அது ஏழை வீடு, பணக்கார வீடு பார்ப்பதில்லை. தடுப்பு மருந்து வருமுன் உலகின் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் ஐந்து வயதுக்குள் ஒருமுறையேனும் அது தொட்டுவிட்டது. மெல்பர்ன் குழந்தைகளையும் தொட்டது. தொடுவதில் வேறுபாடில்லை, சாவதில்தான் வேறுபாடு. 2008-இல் உலகெங்கும் சுமார் 4,50,000 குழந்தைகள் அதனால் இறந்ததாக மதிப்பீடு. அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் இந்தியக் குழந்தைகள்.

எங்கள் மாவட்டத்து வேலூரில், கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், ககன்தீப் காங்கும் அவருடைய குழுவினரும் நகரின் நெருக்கமான குடியிருப்புகளில் 373 குழந்தைகளைப் பிறந்த நாளிலிருந்து 3 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். 2011-இல் முடிவுகள் வெளிவந்தன. ஆறு மாதம் முடிவதற்குள் பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குத் தொற்று வந்திருந்தது. அதாவது, அதிகமாகத் தாய்ப்பாலை நம்பியிருக்கும் வயதிலேயே. எந்தத் தாயின் சோம்பலும் இதற்குக் காரணம் அல்ல. இந்தியாவில் பணியாற்றும் பெண் விஞ்ஞானிகளில் லண்டன் ராயல் சொசைட்டிக்கு 2019-இல் தேர்வான முதலாமவர் காங். குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீட்டுவாசலில் மாதிரி கொடுத்த தாய்மார்களுக்கும் அந்த மதிப்பில் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

•

இனி மாணவியின் கேள்வி. நல்ல பாக்டீரியாவால் இந்த வைரஸை வெல்ல முடியுமா?

முதல் நம்பிக்கை பின்லாந்திலிருந்து வந்தது. எரிகா இசோலௌரி என்ற பெண் மருத்துவரின் குழு 1991-இல், வயிற்றுப்போக்குள்ள 71 குழந்தைகளிடம் ஜிஜி பாக்டீரியாவைச் சோதித்தது. பெரும்பாலோருக்கு ரோட்டா தொற்று. பாக்டீரியா கொடுத்தவர்களுக்கு வயிற்றுப்போக்கு சுமார் 1.4 நாளில் நின்றது, மற்றவர்களுக்கு 2.4 நாள். ஒரு நாள் லாபம். தாய்க்கு ஒரு நாள் என்பது சின்ன விஷயமில்லை.

2011-இல் வெளிவந்த கொல்கத்தா ஆய்வு ஒன்றில், குடிசைப்பகுதியின் 3,758 குழந்தைகளில் ஒரு பாதிக்கு ஷிரோட்டாவின் பாக்டீரியா பானத்தை 12 வாரம் கொடுத்தார்கள். எல்லா வகையும் சேர்ந்த வயிற்றுப்போக்கு 14 விழுக்காடு குறைந்தது. பயன் உண்டு, சிறியது. வேலூரில் 2014-இல், ரோட்டா வந்த குழந்தைகளுக்கு 4 வாரம் ஜிஜி கொடுத்தபோது, மறுபடி மறுபடி வயிற்றுப்போக்கு வருவது குறைந்தது. உடலின் எதிர்ப்பாற்றலும் சற்றுக் கூடியது.

பிறகு பெரிய சோதனைகள் வந்தன. 2018-இல் அமெரிக்காவில் 971 குழந்தைகளுக்கும் கனடாவில் 886 குழந்தைகளுக்கும், ஒரு பாதிக்கு பாக்டீரியா, மறுபாதிக்கு அதைப்போலவே தோன்றும் வெற்றுப் பொடி என்று 5 நாள் கொடுத்தார்கள். யாருக்கு எது என்று தாய்க்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. அமெரிக்காவில் நோய் கடுமையானது பாக்டீரியா பெற்றவர்களில் 11.8 விழுக்காடு, வெற்றுப் பொடி பெற்றவர்களில் 12.6. கனடாவில் 26.1, 24.7. வேறுபாடு இல்லை என்றே பொருள். 2020-இல் 82 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பும், இரண்டு நாளைக்கு மேல் நீடிக்கும் வயிற்றுப்போக்கைப் புரோபயாடிக் பெரிதாக மாற்றுவதில்லை என்றே முடித்தது.

குடலுக்குள் நடப்பதும் நல்லது, கெட்டது என்று இரண்டாகப் பிரியும் கதை அல்ல. இளம்பிள்ளைவாத வைரஸ், குடல் பாக்டீரியாவின் மேற்பரப்பைப் பற்றிக்கொண்டு இன்னும் எளிதாகத் தொற்றுகிறது என்று 2011-இல் எலிகளில் கண்டார்கள். வேறு சில பாக்டீரியா இருந்தால் எலிக்கு ரோட்டாவே தொற்றுவதில்லை. எந்தப் பாக்டீரியா, எந்த வைரஸ், எந்தக் குழந்தை என்று ஒவ்வொன்றும் தனித்தனிக் கேள்வி. தயிரின் புளிப்பு பல பாக்டீரியாவை அடக்கும். ஆனால் இரைப்பையின் அமிலத்தையே தாண்டி வருகிற நோரோ போன்ற வைரஸுக்கு அந்தப் புளிப்பு எம்மாத்திரம்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இட்லி மாவைப் பொங்க வைப்பது லூகோனோஸ்டாக் என்ற பாக்டீரியா என்று 1965-லேயே கண்டிருக்கிறார்கள். ஆனால் இட்லிப்பானையின் ஆவியில் அது செத்துவிடுகிறது. இட்லி நல்ல உணவு. உயிருள்ள பாக்டீரியா அதில் இல்லை. மோரிலும், தண்ணீர் ஊற்றி வைத்த பழைய சோற்றிலும், கிண்டி இறக்கியபின் ஓரிரவு புளித்த கூழிலும் உயிருள்ளவை உண்டு. உலகச் சுகாதார நிறுவனமும் உணவு நிறுவனமும் 2001-இல் வகுத்தபடி, போதிய அளவில் உயிரோடு உள்ளே போய் உடலுக்கு நன்மை செய்வதாகக் காட்டப்பட்டால்தான் அது புரோபயாடிக். நம் பானைக்கு அந்தச் சான்று இன்னும் கிடைக்கவில்லை. ஊற்றி வைத்த தண்ணீர் கெட்டதாக இருந்தால் அதே பானை நோயையும் வளர்க்கும்.

•

அப்படியானால் பிள்ளைகளைக் காப்பாற்றியது எது? அதுவும் அடுப்பங்கரையில்தான் இருந்தது: உப்பு, சர்க்கரை, தண்ணீர்.

குடல் நோயால் எவ்வளவு பழுதுபட்டாலும், சர்க்கரையும் உப்பும் சேர்ந்து வந்தால் மிஞ்சிய செல்கள் நீரை உள்ளிழுக்கின்றன. 1971-இல், வங்கதேசப் போரின்போது, பங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. சிரை வழியாக ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகலநாபிஸ் உப்பு சர்க்கரைக் கரைசலைப் பீப்பாய்களில் வைத்து, நோயாளியின் உறவினரையே புகட்டச் சொன்னார். 30 விழுக்காடு அளவில் இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே வந்தது. 1978-இல் லான்செட் இதழ், இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கலாம் என்று எழுதியது.

அதை வீட்டுக்குள் கொண்டுசேர்த்தவர்கள் பெண்கள். வங்கதேசத்தில் பிராக் அமைப்பின் பெண் ஊழியர்கள் 1980 முதல் 10 ஆண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு நடந்தே போனார்கள். மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை லிட்டர் தண்ணீர். தாய்மார்கள் எத்தனை பேர் சரியாக நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதைப் பின்னால் வந்து சோதித்து, அதைப் பொறுத்தே ஊழியருக்குச் சம்பளம். தாயைத் திட்டுவதற்கு அங்கே வழியே இல்லை. தாய்க்குப் புரியவில்லை என்றால் சொல்லிக்கொடுத்தவர் சரியாகச் சொல்லவில்லை என்று பொருள்.

வேலூரில் பி.எஸ். ராமகிருஷ்ணாவின் குழு 2000-இல் இன்னொரு படி போனது. சிறுகுடலில் செரிக்காத ஒருவகை மாவுப்பொருளை அந்தக் கரைசலில் சேர்த்துக் காலரா நோயாளிகளுக்குக் கொடுத்தபோது நீரிழப்பு மேலும் குறைந்தது. பெருங்குடலின் பாக்டீரியா அந்த மாவை நொதிக்க வைக்கிறது. அதில் பிறக்கும் அமிலங்கள் பெருங்குடலை நீர் உறிஞ்ச வைக்கின்றன. வெளியிலிருந்து பாக்டீரியாவைக் கொண்டுவராமல், உள்ளே இருப்பவற்றுக்குச் சோறிட்டார்கள். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியைப் பிள்ளைக்குப் புகட்டிய பெண்கள் இதற்குப் பக்கத்தில் வந்து நின்றிருக்கிறார்கள். ஆனால் பேதியாகும் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று வாயைக் கட்டிய வீடுகளும் இருந்தன. இரண்டையும் சேர்த்தே பாட்டி வைத்தியம் என்கிறோம். எதை எடுப்பது, எதை விடுவது என்று சொல்லச் சோதனை வேண்டும், பாசம் போதாது.

தடுப்பு மருந்தின் கதையிலும் ஒரு மருத்துவமனைத் தொட்டில் இருக்கிறது. 1980-களின் நடுவில், டெல்லியில் பிறந்த குழந்தைகளிடம் நோய்க்குறி எதையும் காட்டாமல் இருந்த ஒரு ரோட்டா வைரஸை எம்.கே. பானின் குழு கண்டெடுத்தது. பிறந்தவுடன் அப்படித் தொற்றியவர்களுக்குப் பின்னால் கடும் நோய் வருவதில்லை என்று ரூத் பிஷப் மெல்பர்னில் முன்பே கண்டிருந்தார். அந்த டெல்லி வைரஸிலிருந்து வந்ததுதான் ரோட்டாவேக். டெல்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதித்து 2014-இல் முடிவு சொன்னார்கள்: முதல் ஆண்டில் கடும் நோய் பாதிக்கும் மேல் குறைகிறது. 2016-இல் நாட்டின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் ரோட்டா தடுப்பு மருந்து சேர்ந்தது. தமிழ்நாட்டுக்கு 2017-இல் வந்தது. 6, 10, 14-ஆம் வாரங்களில் வாய்வழியே கொடுக்கிறார்கள்.

பாதி என்பது முழுமை அல்ல. பணக்கார நாடுகளில் இத்தகைய மருந்துகள் இன்னும் நன்றாக வேலை செய்கின்றன. நம் குழந்தைகளின் குடலில் பாக்டீரியாவைச் சேர்த்தால் மருந்து வலுப்பெறுமா என்று வேலூரிலேயே ஜிஜியையும் துத்தநாகத்தையும் கொடுத்துப் பார்த்தார்கள். கிடைத்த கூடுதல் பயன் உறுதியாகச் சொல்லுமளவுக்கு இல்லை. வேலூர் ஆய்வாளர்கள் அதையும் மறைக்காமல் எழுதி வெளியிட்டார்கள். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

•

மாணவியிடம் சொன்னேன்: குழந்தைக்குத் தடுப்பு மருந்து மூன்று தவணையும் ஆகிவிட்டதா? ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும். அதற்கப்புறம் மோரும் தயிர்ச்சோறும் தாராளமாகக் கொடு, அது உணவு, மருந்தென்று நினைக்காதே. வயிற்றால் போனால் ஓ.ஆர்.எஸ். பொட்டலம், துத்தநாக மாத்திரை, பால் கொடுப்பதை நிறுத்தாதே. கண் குழிந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, துவண்டாலோ மருத்துவமனைக்கு ஓடு. அந்தச் செய்தியை அழித்துவிடு. “மாமியார்தான் மேடம் அனுப்பினாங்க” என்றாள். அப்படியானால் அழிக்காதே, உட்கார்ந்து பேசு என்றேன். அவளும் ஒரு காலத்தில் யாரோ ஒருவர் சொல்லிப் பயந்த மருமகள்தான்.

ஆயாவின் மகளை எந்தக் கிருமி கொன்றது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ரோட்டாவாக இருக்கலாம். முதலில் வாந்தி, பிறகு வயிற்றுப்போக்கு, குளிர்மாதம், ஒரு வயதுக்குள்: எல்லாம் பொருந்துகின்றன. வேறாகவும் இருக்கலாம். அந்த வைரஸை உலகில் எந்தக் கண்ணும் கண்டிராத ஆண்டு அது. பிழைக்க வைத்திருக்கக்கூடிய உப்பும் வெல்லமும் அவள் அடுப்பங்கரையில் இருந்தன. அதை எப்படிக் கலப்பது என்று சொல்ல யாரும் வந்திருக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. தீட்டு எங்கும் இல்லை.

ஆயா இருந்தபோது இதையெல்லாம் அவளிடம் சொல்லும் அளவுக்கு எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரிந்துகொள்வதற்குள் அவள் போய்விட்டாள். இப்போது என் வீட்டில் உறை ஊற்றுவது நான். தூரமாக இருக்கும் நாட்களிலும் ஊற்றுகிறேன். தயிர் நன்றாகத்தான் தோய்கிறது.